லண்டனும் சிட்னியும்: வாசகர் கேட்டவை

கேள்வி: லண்டனுக்கும் சிட்னிக்கும் எவ்வளவு தூரம்? ஆகாய விமானத்தில் எத்தனை மணி நேரம்?

பதில்: பூகோள உருண்டையின் மீது நூலை இழுத்துப் பிடித்து அளந்தால் ஏறக்குறைய 17,000 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் கணக்கிட்டால் பத்தொன்பது மணி நேரம் வரும். வழியில் ஓர் ஊரில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு செல்லும் வழக்கமான பிரயாணத்துக்கோ ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. 1947-இல் கான்டாஸ் என்னும் ஆஸ்திரேலிய விமானக் கம்பெனியார் சிட்னியிலிருந்து லண்டனுக்குக் ‘கங்காரு மார்க்கம்’ திறந்தபோது, டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி என்று ஊர் ஊராக இறங்கி, நான்கு நாளில் போய்ச் சேர்ந்தார்கள். அந்த யாத்ரீகர்கள்மேல் எனக்குப் பொறாமை உண்டு.

கேள்வி: சுவரில் மாட்டிய தேசப்படத்தில் இவ்விரு ஊர்களுக்கும் நேர்கோடு போட்டால் அது நம் தென்னாட்டின் மீதே செல்கிறது. விமானம் ஏன் நம் தலைக்கு மேலே வருவதில்லை?

பதில்: கோட்டைச் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள்; ஆனால் தட்டையான காகிதத்தில் நேராகத் தோன்றும் அந்தக் கோடு உருண்டையான பூமியில் சுற்றுவழியாகிவிடுகிறது. உண்மையான குறுக்குவழி லண்டனிலிருந்து வடகிழக்கே புறப்பட்டு, ரஷ்யா, கஜகஸ்தான், சீனம், பிலிப்பைன்ஸ் இவற்றைக் கடந்து தெற்கே இறங்குகிறது. 2019 நவம்பரில் ஏறக்குறைய ஐம்பது பேரை மட்டும் ஏற்றிக்கொண்டு எங்கும் நில்லாமல் சென்ற கான்டாஸின் பரிசோதனை விமானம் இந்த வழியாகவே 19 மணி 19 நிமிஷத்தில் சிட்னியை அடைந்தது.

கேள்வி: திரும்பி வர மட்டும் ஏன் அதிக நேரம்?

பதில்: உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் கடுங்காற்று, போகும்போது பின்னின்று தள்ளுகிறது, வரும்போது எதிர்த்து நிற்கிறது.

கேள்வி: ஒரே பிரயாணத்தில் இரண்டு சூரியோதயம் காண முடியுமா?

பதில்: அந்த 2019 விமானத்தில் வியாழக்கிழமை விடியுமுன் புறப்பட்டவர்கள் கண்டார்கள். ஆனால் இப்பேற்றை அவர்களுக்கு முன்னரே பெற்றவர்கள் உண்டு. 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாகி, ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலிருந்த விமான மார்க்கம் அறுபட்டுப்போக, 1943 முதல் 1945 வரையில் பெர்த் நகரத்துக்கும் இலங்கையில் காலிக்குச் சமீபத்திலுள்ள கொக்கல ஏரிக்கும் இடையே காட்டலினா என்னும் நீர்விமானங்கள், சத்துருக்கள் அறியாதபடி வானொலியை மௌனமாக்கிவிட்டு, நட்சத்திரங்களையே வழிகாட்டியாகக் கொண்டு, இந்து சமுத்திரத்தின் மீது ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர் பறந்தன. மெதுவாகச் செல்லும் அவ்விமானங்களுக்கு இருபத்தேழு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆயிற்று. முப்பதைத் தாண்டியதும் உண்டு. எண்ணெயின் பாரமே பெரும்பாரமாதலால் மூன்று பிரயாணிகளுக்கு மேல் ஏற்ற இயலவில்லை. அந்த மூவருக்கும், இறங்கியபின், ‘இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்க’த்தின் அங்கத்தினர் என்று அத்தாட்சிப் பத்திரம் வழங்கினார்கள்.