ஆய்வரங்கப் பெரட்டு

மலைநாட்டில் இப்போது மூன்று விளைச்சல். தேயிலை, மரக்கறி, ஆய்வுக் கட்டுரை. பட்டிப்பொலயில் தை மாதத்து உறைபனி ஓர் இராத்திரி இறங்கினால் போதும், விடியும்போது உருளைக்கிழங்குச் செடியெல்லாம் கருகிக் கிடக்கும். தேயிலைக்குக் கொப்புள நோய் வரும், ஏலத்தில் விலை விழும். மூன்றாவது விளைச்சலுக்குப் பனியும் இல்லை, நோயும் இல்லை. தோட்டத்துச் சனம் பட்டினி கிடந்தால் அது இன்னும் செழிப்பாக வளரும்.

2023 நல்ல போகம். 1823இல் கோப்பித் தோட்டத்துக்கு நம்மவர்களைக் கொண்டுவந்து இருநூறு ஆண்டு ஆயிற்று என்று சனம் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தது. வெயிலில் காலில் கொப்புளம் வர நடந்தது. அதே ஆண்டில் வேறு சிலர் ஹோட்டல் ஹோட்டலாக நடந்தார்கள். தொடக்க விழா, குத்துவிளக்கு, மையவுரை, இணை அமர்வுகள், இராப்போசனம். பதிவுக் கட்டணத்தை ஒரு கொழுந்துக்காரியின் நாள் சம்பளத்தால் வகுத்துப் பார்த்தால் அவளுக்கு எத்தனை நாள் பேர் விழும் என்று கணக்குப் போட்ட கட்டுரை மட்டும் எந்த அமர்விலும் வாசிக்கப்படவில்லை. ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் 2021இல்தான் வந்தது, 1,350 ஆனது 2024இல். அந்த ஆயிரத்துக்காகச் சனம் ரோட்டில் உட்கார்ந்திருந்த ஆண்டுகளில் அதைப் பற்றிக் கட்டுரை வாசித்தவர்கள் இரண்டு பதவியுயர்வு வாங்கிவிட்டார்கள்.

கட்டுரை எப்படித் தயாராகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் பட்டிப்பொல ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டும். இலங்கையிலேயே மிக உயரத்தில் இருக்கும் ரயில் நிலையம், 6,200 அடிக்கு மேல். ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்களும் களஆய்வுக்கு வருகிறவர்களும் முதலில் செய்கிற காரியம் ஒன்றுதான், உயரம் எழுதிய பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பது. பிறகு வேன் கீழே தோட்டங்களுக்கு இறங்கும். துரையிடம் வாங்கிய அனுமதிக் கடிதம் கையில், வினாக்கொத்துக் கட்டு பையில், பிஸ்கட் பெட்டி பின்சீட்டில்.

இந்த இடத்தில் கோ. நடேசையர் ஞாபகம் வருவதைத் தடுக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. அவர் புடவை வியாபாரி வேஷம் போட்டு உள்ளே போய் லயத்தைப் பார்த்தார், பார்த்ததை எழுதினார், பிறகு அட்டனில் தொழிற்சங்கமே கட்டினார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடினார். புரொஜெக்டர் கிடையாது, ஆனால் சனத்துக்குப் புரிந்தது. இன்றைய ஆய்வாளருக்கு வேஷம் தேவையில்லை. துரையே முன்கதவைத் திறந்து விடுகிறார். ஏன் திறந்து விடுகிறார் என்று ஒரு தரம் யோசித்திருந்தால் பாதிக் கட்டுரைகள் பிறந்தே இருக்காது.

லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து வினாக்கொத்து நிரப்புவதை நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். கேள்வி: உங்கள் வருமானம் குடும்பச் செலவுக்குப் போதுமானதா? விடைகள் ஐந்து. மிகவும் போதும், போதும், கருத்து இல்லை, போதாது, முற்றிலும் போதாது. ஒரு பாட்டி, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறையைப் படுக்கவைத்து எழுப்புகிறவர், கேள்வி கேட்ட பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதான் கண்ணால பாத்துக்கிட்டு இருக்கீங்களே மகே. எது ஒங்களுக்குச் சரியா வருதோ அதப் போட்டுக்குங்க." பிள்ளை 'கருத்து இல்லை' என்பதில் அடையாளம் போட்டது. இருநூறு வருசத்துக் கருத்து அந்த ஒரு சதுரத்துக்குள் அடங்கிவிட்டது. ஒப்புதல் பத்திரத்தில் பாட்டி விரல் வைத்தார். பத்திரம் இங்கிலிஷில் இருந்தது.

அடுத்தது ஸ்லைட். முதல் ஸ்லைடில் கூடை சுமந்த பெண் சிரிக்க வேண்டும். சிரிக்காத பெண்ணின் படம் 'பாதிக்கப்பட்டவள்' என்ற தோற்றத்தைத் தரும், அது பழைய கோட்பாடு. இப்போது வேண்டியது 'மீண்டெழும் திறன்'. லயத்துக் கூரைத் தகரம் பறந்த பிறகு அதன் மேல் கல் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறாளே, அதுதான் மீண்டெழும் திறனாம். கல் வைக்காமல் கம்பனியிடம் கூரை கேட்டிருந்தால் அதற்கு என்ன பெயர் என்று எந்தக் கோட்பாட்டிலும் இல்லை.

நடுவில் ஒரு வரைபடம் வரும். தோட்டப்பகுதி இறப்பு வீதம், ஆண்டு வாரியாக. 1974க்கு நேரே ஒரு பட்டை மட்டும் மற்றவற்றைவிட உயர்ந்து நிற்கும். பேச்சாளர் அதன் தலையில் சிவப்பு ஒளிப்புள்ளியை வைத்து ஆட்டுவார், "இங்கே ஒரு சுவாரசியமான ஏற்றத்தைக் காண்கிறோம்." சுவாரசியம்! மாவும் அரிசியும் கூப்பனில் வெட்டுப்பட்டு, தோட்டத்தில் வேலையும் குறைந்து, நம் வீடுகளில் கிழவர்களும் குழந்தைகளும் செத்த ஆண்டு அது. அதே 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்தது. 10ஆந் திகதிக் கூட்டத்தில் போன உயிர்களைத் தமிழ் உலகம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அவர்களுக்கு நினைவுத் தூண் இருக்கிறது. பசியில் போனவர்களுக்கு இந்தப் பட்டைதான் தூண். அடுத்த ஸ்லைட் வந்ததும் அதுவும் போய்விடும்.

இனி மேடை. ஆய்வரங்கமும் காலையில் தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுத்தான், அதை அப்படிப் பார்த்தால்தான் விளங்கும். காலையில் பேர் பதிகிறார்கள், கழுத்தில் அட்டை மாட்டுகிறார்கள், தலைவர் கங்காணி வேலை பார்க்கிறார், யாருக்கு முழுப் பேர் யாருக்கு அரைப் பேர் என்பது நிறுக்கும்போதுதான் தெரியும்.

நான் போயிருந்த ஒன்றில் கடைசியாகப் பேச இருந்தவள் ஒரு தோட்டத்துப் பிள்ளை. அம்மா கொழுந்து பறித்துப் பல்கலைக்கழகம் வரை படிக்கவைத்த பிள்ளை. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய அமர்வு, பாதிக் கதிரை காலி. அவளுக்கு முன் பேசியவர்கள் எல்லாம் பெரியவர்கள், ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? ஒருவர் மார்க்சில் தொடங்கி ஃபூக்கோ வழியாக வந்து நோர்வூட்டை எட்டிப் பார்ப்பதற்குள் அரை மணி போய்விட்டது. அவள் முறை வந்தபோது தலைவர் மணிக்கூட்டைப் பார்த்து, "தங்கச்சி, ஏழு நிமிசத்தில முடிச்சிரணும்" என்றார். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ என்று கழிக்கிறார்களே, அதே கை.

அவளுடைய விஷயம் என்ன தெரியுமா? மலையில் கொழுந்து பறிக்கிற பெண்களுக்குக் கக்கூசு இல்லை. காலை ஏழரைக்கு மலை ஏறுகிறவள் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள், ஏனென்றால் குடித்தால் போக வேண்டும், போக இடமில்லை. மாதவிலக்கு நாளில் என்ன செய்கிறாள் என்பது நான்காவது ஸ்லைட். அந்த ஸ்லைடில் மணி அடித்தது.

அவள் நிறுத்திவிட்டாள். நன்றி சொன்னாள். கேள்வி நேரத்துக்கு மட்டும் நேரம் இருந்தது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து, கோட்பாட்டுச் சட்டகம் தெளிவாக இல்லை என்றார். இன்னொருவர் மாதிரித் தொகை சிறியது என்றார். "சேர், எங்க லயத்துல மொத்தமே இருபத்தினாலு காம்பராதான்" என்றாள் பிள்ளை. சபை சிரித்தது. நல்ல பகிடி என்று நினைத்துச் சிரித்தது. சிரித்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பையன் சிரிக்கவில்லை. அவனும் எங்கோ ஒரு லயத்துப் பையனாகத்தான் இருப்பான். அவன் ஊற்றியது நல்ல பிஓபி ரகம். அவன் வீட்டில் தோட்டம் கொடுக்கிற தூள்தான் வாய்க்கும்.

முடிவில் பரிந்துரை ஸ்லைட். காணி கொடுக்கப்பட வேண்டும், வீடு கட்டப்பட வேண்டும், கல்வி மேம்படுத்தப்பட வேண்டும், பங்குதாரர்கள் ஒன்றிணைய வேண்டும், மேலும் ஆய்வு தேவை. பாதிக்கு மேல் செயப்பாட்டு வினை. கொடுக்க வேண்டியவன் பெயர் ஒரு வரியிலும் இல்லை. கம்பனிப் பெயரை எழுதினால் அடுத்த முறை அனுமதிக் கடிதம் கிடைக்காதே.

ஆராய்ச்சியே வீண் என்று நான் சொல்வதாக யாராவது புறப்படுவார்கள். இல்லை. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையில் வந்தபோது ஆராய்ந்தார்கள், செம்பு மருந்தைக் கண்டார்கள், தோட்டம் தோட்டமாகத் தெளித்தார்கள். மேலும் ஆய்வு தேவை என்று எழுதிவிட்டு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. செடிக்கு நோய் என்றால் ஆய்வு செடியின் வேர் வரை போய்ச் சேருகிறது. செடியைத் தொடுகிற கைக்கு நோய் என்றால் அது ஆய்விதழோடு நின்றுவிடுகிறது.

பட்டிப்பொலயிலிருந்து ஓஹியா, ஹப்புத்தளை தாண்டி இறங்கினால் கொஸ்லந்தை. அங்கே மீரியபெத்தை தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் எச்சரித்திருந்தது, 2011இலும் எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது ஐயா. தாளில் இருந்தது. அது லயத்துக்கு வந்து, ஆட்களை எழுப்பி, வேறு காணி காட்டிக் குடியேற்றவில்லை. சரிந்த பிறகு எத்தனை கட்டுரைகள்! எச்சரிக்கையைப் பற்றி, எச்சரிக்கை ஏன் கேட்கப்படவில்லை என்பதைப் பற்றி, கேட்கப்படாததன் சமூகவியலைப் பற்றி. 2025 நவம்பரில் டித்வா புயலோடு மலைநாட்டில் மறுபடி மண் சரிந்தது. மண்ணை அள்ளி முடிக்கும் முன்னே ஆய்வுச் சுருக்கம் கேட்டு அழைப்பு வரும். முந்நூறு சொல்லுக்குள், இங்கிலிஷில், ஐந்து திறவுச்சொற்களோடு.

எனக்கு ஒரு யோசனை உண்டு. அடுத்த ஆய்வரங்கத்தைத் தோட்டத்திலேயே வையுங்கள். காலை ஆறரைக்குப் பெரட்டுக்களத்தில் பேர் கொடுங்கள், பிந்தினால் திருப்பி அனுப்புவோம். தமிழில் பேசுங்கள். கேள்வி கேட்பது அந்தப் பாட்டி, ஐந்து விடை தரமாட்டார், ஒன்றுதான் கேட்பார்: போன தடவ எழுதிக்கிட்டுப் போனீங்களே, என்னாச்சு? மாலையில் எல்லாக் கட்டுரையையும் மடுவத்துக்குக் கொண்டுவாருங்கள், தராசு இருக்கிறது. மேற்கோளுக்குக் கொஞ்சம், முன்னுரைக்குக் கொஞ்சம், மேலும் ஆய்வு தேவைக்குக் கொஞ்சம் என்று கழித்துவிட்டு, மிச்சம் ஏதும் இருந்தால் அரைப் பேராவது போடுகிறோம்.