மந்தைக்குள் சில கேள்விகள்

கே: ஆட்டு நாய் நாவல்களில் முதலில் எதைப் படிக்கலாம்?

ப: ஆல்ஃபிரட் ஆலிவன்ட் எழுதிய 'ஔட் பாப்' (1898). இங்கிலாந்தின் வடகோடி மலைக்கிராமம். இரண்டு பண்ணைக்காரர்கள், ஜென்மப் பகை, ஒரு போட்டிக் கோப்பை, ஆளுக்கொரு நாய். ராத்திரியில் ஏதோ ஒன்று ஆடுகளைக் கடித்துக் கொல்கிறது. எது என்று சொல்லிவிட்டால் நீங்கள் என்னைக் கடிப்பீர்கள்.

கே: தாமஸ் ஹார்டியும் நாயை விடவில்லையாமே?

ப: 'ஃபார் ஃப்ரம் த மேடிங் கிரௌட்' (1874). பண்ணைக்காரர் கேப்ரியல் ஓக்கிடம் அனுபவஸ்த நாய் ஒன்று, துடுக்கான இளசு ஒன்று. ஆட்டைத் துரத்த வேண்டும் என்று இளசுக்குத் தெரியும். எங்கே நிறுத்துவது என்று தெரியாது. ஒரே ராத்திரியில் சுமார் 200 சினையாடுகள் பள்ளத்தில். மந்தையோ கடனில் வந்தது, இன்ஷூரன்ஸும் கிடையாது. பண்ணைக்காரர் கூலிக்கு வேலை தேடுகிறார். நாயைச் சுட்டுவிடுகிறார்கள். குற்றம்? அளவு மீறிய கடமையுணர்ச்சி. அரசாங்க ஆபீஸில் அந்த ஆபத்து யாருக்கும் இல்லை.

கே: ஓக்குக்குக் காதல் உண்டா?

ப: மந்தை இருந்தபோதே பாத்ஷீபா என்ற பெண்ணைக் கேட்டார், மாட்டேன் என்றாள். மந்தை போனதும் அவள் பண்ணையிலேயே மேய்ப்பராகச் சேர்கிறார். கடைசியில் கல்யாணம். பொறுமைசாலி, நாய் அவரிடம் அதைக் கற்றிருக்கலாம்.

கே: லாஸி என்ற நாய்?

ப: எரிக் நைட் நாவல், 1940. விற்றபின் கொண்டுபோன ஸ்காட்லாந்திலிருந்து யார்க்ஷயருக்கு நடந்தே வருகிறது. ஆடு மேய்க்க நேரம் ஏது? 1943 படத்தில் ஸ்திரீபார்ட் கட்டியது ஆண் நாய்.

கே: ஆட்டு நாய் குரைக்காமலே ஆட்டை எப்படி மடக்குகிறது?

ப: பார்டர் காலி இன நாய் உடம்பைத் தாழ்த்தி, கண் சிமிட்டாமல் முறைக்கும். மேய்ப்பரின் ஒரு விசிலுக்கு இடப்பக்கம் வளையும், இன்னொன்றுக்கு வலப்பக்கம், மற்றொன்றுக்குப் படுத்துவிடும். எங்கள் கணக்கு வாத்தியார் விசில்கூட இல்லாமல் சாதித்தார்.

கே: நாய்களுக்கு ஆடு மேய்க்கும் போட்டி நிஜமாகவே நடக்கிறதா?

ப: 1873-லேயே வேல்ஸில், பாலா என்ற ஊரில் நடந்தது. ஜெயித்தது ஒரு ஸ்காட்லாந்துக்காரரின் நாய். உள்ளூர் நாய் ஜெயித்தால் செய்தி. வெளியூர் ஆள் கோப்பையைத் தூக்கினால் நாவலுக்கு விஷயம்.

கே: தமிழில் மந்தைக் கதை?

ப: எழுத்தாளர் கி.ரா.வின் 'கிடை'. ஆடுகள் அடுத்தவர் பயிரை மேய்ந்துவிடுகின்றன. விசாரணை ஆட்டில் ஆரம்பித்து ஆட்களில் வந்து நிற்கும்.

கே: பன்றி ஆடு மேய்க்குமா?

ப: டிக் கிங்-ஸ்மித் மேய்க்க வைத்தார், 1983-ல், 'த ஷீப்-பிக்' கதையில். அதுதான் 1995-ல் வந்த 'பேப்' படம். ஆடுகளிடம் தயவாகக் கேட்கிறது, நகர்கின்றன. டவுன் பஸ் படிக்கட்டில் அதை முயன்று பாருங்கள்.