முன்அனுபவம் நாடும் முதுகலையர்

உத்திரமேரூர் வட்டாரத்து மக்களை வகைப்படுத்த முனையும் ஆய்வாளர் எவரும், உழவர், நெசவாளர், ஒரகடத்துக் கம்பெனிப் பேருந்துக்கு விடியுமுன் காத்து நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளர் ஆகியோரோடு, முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டே வேலை தேடுபவரையும் தனி இனமாகக் கொள்ளுதல் வேண்டும். "இன்னுமா படிக்கிற?" என்று கேட்பவரிடம் "வேல தேடிக்கினு இருக்கேன் மாமா" என்றும், "வேல கெடச்சிதா?" என்பவரிடம் "படிச்சிக்கினு இருக்கேன் சித்தப்பா" என்றும் முகம் கோணாமல் விடையிறுக்கும் திறத்தால் இவரை எளிதில் இனங்காணலாம்.

இவ்வினத்தாரின் தலையாய உடைமை பயோடேட்டா எனப்படும் தன்விவரக் குறிப்பு ஆகும். அதன் கல்விப் பகுதி நிரம்பி வழிய, முன்அனுபவம் என்ற தலைப்பின் கீழ் மட்டும் வெள்ளைத்தாள் தெரியும். முன்அனுபவமாவது, வேலையில் சேர்ந்தவருக்கே கிடைப்பதும், கிடைத்தவரையே வேலையில் சேர்ப்பதுமாகிய ஓர் அரும்பொருள். அவ்வெற்றிடத்தை நிரப்பும்போது இவரது புலமை முழுதும் வெளிப்படுகிறது. அக்காள் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது 'கற்பித்தல் பணி' ஆகும். ஆடி மாதக் கூழ்வார்த்தலுக்கு வீடுவீடாக வசூலுக்குப் போனது 'நிதி திரட்டல்' ஆகும். தாய்மாமன் வீட்டுத் திருமணத்தில் மொய் எழுதியது 'கணக்குப் பதிவும் ரொக்கக் கையாளுகையும்' ஆகும். இவற்றுள் மொய் எழுதுவதை அற்பமென்று தள்ளுவதற்கில்லை. ஏகாம்பரம் என்ற பெயரில் நால்வர் அடுத்தடுத்து வந்து நிற்க, ஊரும் தலைப்பெழுத்தும் பிசகாமல் 101, 501 என்று பதிந்து, பந்தி முடிந்த இரவில் நோட்டுக் கணக்கும் பைப்பணமும் ஒத்துவரச் செய்பவர், பல அலுவலகங்களில் தேடினாலும் அகப்படமாட்டார்.

இதே ஊரின் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள, முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, தகுதியுடையோர் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பிக்கும் குடவோலை முறையில், வாரியம் எனப்பட்ட ஊர்ச்சபைக் குழுக்களுக்கு ஆள் தேர்ந்த விதிகளைக் கூறுகிறது. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், அதாவது வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குட்பட்ட வயது என்று தகுதிகளை அடுக்கும் அவ்விதிகள், முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவரை விலக்கிவிடுகின்றன. 'மூன்றாண்டு அனுபவம் தேவை' என்ற விளம்பரங்களையே நாளும் படித்துச் சலித்த முதுகலையர், அனுபவமே தடையாக இருந்த பொற்காலத்துக்குப் பதினொரு நூற்றாண்டு பிந்திப் பிறந்ததற்காக வருந்துவது இயல்பே. நிலம், மனை, வேதம், வயது ஆகிய நான்கும் தம்மிடம் இல்லை என்பது அவ்வேளையில் அவர் நினைவுக்கு வருவதில்லை.

ஆலைகளின் உற்பத்திப் பிரிவில் ஐ.டி.ஐ.யும் டிப்ளமோவும் படித்தவரையே விரும்புவதால் அங்கே இவர் மிகையாகப் படித்தவர்; அலுவலகப் பிரிவிலோ 'ஃபிரெஷர்', அதாவது வேலை பாராத புதியவர். ஆகவே, பெரும்பாலான பதவிகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமென்று முன்அனுபவம் கேளாதிருக்கும் டி.என்.பி.எஸ்.சி. தொகுதி 4 தேர்வை, தாம் பத்தாம் வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுத்த தம்பியோடு ஒரே அறையில் அமர்ந்து எழுதுகிறார்.

அனுபவத்தை ஆண்டுக்கணக்கில் அளந்து பணமும் தரும் இடம் ஒன்று இல்லாமலில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து, ஐந்தாண்டுகள் வேலையின்றிக் காத்திருந்த பட்டதாரிக்கு, குடும்ப வருமான வரம்புக்குட்பட்டு, மாதம் 600 ரூபாய் வழங்கும் உதவித்தொகைத் திட்டம் தமிழ்நாட்டில் உண்டு. வேலையில்லாமல் இருந்த அனுபவம் அங்கே ஒருநாளும் விடாமல் கணக்கில் கொள்ளப்படுகிறது. எனினும், அன்றாடம் கல்லூரி சென்று பயில்பவருக்கு அத்தொகை கிடையாது என்பதால், வேலை கிடைக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று முதுகலையில் சேர்ந்தவர் அதற்கும் தகுதியற்றவராகிறார்.