ரன்னிங் என்றால் ஓடிப்போவது

சர்வரின் நேரத்தைப் பார்த்துக்கொள்ள என்டிபிடி என்றொரு சேவை உண்டு. கடிகாரம் சில மில்லி நொடி பிசகினால் சத்தமில்லாமல் இழுத்துப் பிடித்துச் சரிசெய்துவிடும். கெட்டிக்காரன்தான். ஆனால் பிசகு 1000 நொடியைத் தாண்டினால் லாகில் ஒரு வரி எழுதிவைத்துவிட்டு வேலையை விட்டே போய்விடும். காய்ச்சல் 103 என்றதும் கிளினிக்கைப் பூட்டும் டாக்டர் மாதிரி. (அதன் பக்கமும் நியாயம் உண்டு: இத்தனை வித்தியாசம் என்றால் தப்பு யாருடையது என்று அதற்கே சந்தேகம்.) மைனஸ் ஜி போட்டுக் கிளப்பினால் முதல் தடவை மட்டும் கண்டுகொள்ளாது.

சரி, கிளப்பியாயிற்று. ஸ்டேட்டஸ் கேட்டால் பச்சை எழுத்தில் 'ரன்னிங்' என்கிறது. நேரமோ இன்னும் தப்பு. என்டிபிக்யூ மைனஸ் பி அடித்துப் பார்த்தால் ஸ்ட்ராட்டம் 16, ரீச் 0. அதாவது ஒரு சர்வரும் பதில் சொல்லவில்லை. ஆனாலும் ஐயா ஓடிக்கொண்டுதான் இருக்கிறார். பெரும்பாலும் யுடிபி 123-ஐ ஃபயர்வால் அடைத்திருக்கும். நெட்வொர்க் ஆட்களைக் கேளுங்கள், "நம்ம பக்கம் எல்லாம் ஓப்பன்தான் சார்" என்பார்கள். சிறிது நேரத்தில், யாரும் எதையும் தொடாமலே, ரீச் 1, 3, 7, 17 என்று ஏறத் தொடங்கும்.

377 வந்தால் கடைசி எட்டுக் கேள்விக்கும் பதில் வந்திருக்கிறது என்று அர்த்தம். அதுவரை டிக்கெட்டை மூடாதீர்கள்.