கீழ்பென்னாத்தூர் டீக்கடைகளில் ‘அந்த’: ஒரு முன்னோடி ஆய்வு

9ஆம் நூற்றாண்டில் ஃபுல்டா மடத்தில், லத்தீன் சுவிசேஷக் கோவை ஒன்றைப் பழைய ஜெர்மனுக்குக் கொண்டுவந்த துறவிகளுக்கு ஒரு சங்கடம். லத்தீனில் ஆங்கில ‘the’ போன்ற ஆர்ட்டிகிள் கிடையாது. ஜெர்மனிலோ அது அப்போதுதான் முளைவிட்டுக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் போட்டார்கள், ஓரிடத்தில் விட்டார்கள். ‘அதோ அந்த’ என்று விரல் நீட்டிய சொல், மெல்ல விரலை மடக்கி, ‘நமக்குத் தெரிந்த அந்த’ ஆயிற்று. 1022இல் மறைந்த செயின்ட் காலன் மடத்து நோட்கரின் எழுத்தில் அது நன்றாகவே ஊன்றிவிட்டது.

தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் கீழ்பென்னாத்தூரில் செஞ்சி பஸ்ஸுக்குக் காத்து நிற்காதவர்கள் என்பதே இவ்வாய்வின் கருதுகோள். களமாக டீக்கடையைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. இன்றைய ஜெர்மனில் ‘டீ’ என்ற ஆர்ட்டிகிள், ஒருமையில் பெண்பாற் பெயருக்கு முன்தான் வரும். கீழ்பென்னாத்தூரில் டீ எல்லாப் பேச்சுக்கும் முன் வரும்.

‘டீ குடித்தேன்’ என்றால் ஏதோ ஒரு டீ. ‘டீயைக் குடித்தேன்’ என்றால் இன்ன டீ. இரண்டாம் வேற்றுமையின் இந்த வேலையை மொழியியலாளர்கள் உண்மையாகவே கண்டறிந்துவிட்டதால், நமக்கு இங்கே வேலையில்லை.

இனி வகைகள்.

விரல் ‘அந்த’: “அந்த மாடு.” திரும்பினால் மாடு தெரியும்.

கடன் ‘அந்த’: “அண்ணே, அந்தப் பணம்...” தொகை சொல்லவில்லை, தேதி சொல்லவில்லை, விரலும் நீளவில்லை. கேட்டவர் கண் கிளாஸின் அடியில் தங்கிய சர்க்கரையில் இருக்கிறது. ஆனாலும் இருவருக்கும் தெரியும். நோட்கர் அடைந்த இடம் இதுதான்.

‘அந்த இது’: ஆய்வின் இதயம் இங்கே. “டேய், அந்த இத எடுத்து அந்த இதுல வை” என்றார் மாஸ்டர். பையன் தயங்காமல் வடைத்தட்டை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தான். சேய்மையும் அண்மையும் ஒரே தொடரில்! ‘அந்த’வில் தூரம் செத்துவிட்டது, எனவே அது ஆர்ட்டிகிளே என்பது கிழக்குப் பெஞ்சுக் கட்சி (கி.பெ., எச்சில் கிளாஸ் படலம், நூற்பா 3). தூரம் சாகவில்லை, மாஸ்டருக்குப் பெயர்தான் மறந்துவிட்டது என்பது மேற்குப் பெஞ்சு (மே.பெ., பஜ்ஜி மடித்த தாள், இடது ஓரக் குறிப்பு, எண்ணெய் ஊறி ‘ந்’ சிதைவு, ‘அத’ எனப் பாடங்கொள்வாரும் உளர், அவர் பஜ்ஜி தின்னாதவர், தாளின் மறுபாதி வேறொருவர் சட்னி துடைத்தபோது மறைந்தது). அந்தச் சிதைந்த ‘ந்’ ஒன்றைக் கொண்டே இந்தப் பஜ்ஜி சங்க காலத்துக்கு முந்தியது என்று நிறுவிவிடலாம். இதைவிட மெலிந்த சான்றில் நூல்களுக்கு வயது கூட்டிப் பதவி உயர்வு பெற்றவர்கள் உண்டு.

தொல்காப்பியம் சொல்லும் மூன்றாம் சுட்டாகிய, அண்மைக்கும் சேய்மைக்கும் நடுவிலான ‘உ’, யாழ்ப்பாணத்தில் ‘உந்த’ என இன்றும் வாழ்கிறது, இங்கே இல்லை. காரணம் போக்குவரத்து சார்ந்தது. வந்தது ‘இந்த’ பஸ், வராதது ‘அந்த’ பஸ். நடுவில் எதுவும் ஓடுவதில்லை.

சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. ஆர்ட்டிகிள் உள்ள ஜெர்மானியர், ஆர்ட்டிகிள் இல்லாத தமிழை, ஆர்ட்டிகிள் இல்லாத லத்தீனில் விளக்கினார். தரங்கம்பாடியில் இறங்கியவர் வடமேற்கே வந்து ஒரு டீ சொல்லியிருந்தால் இக்கட்டுரைக்கு அவசியமே நேர்ந்திராது.

இதைப் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். கட்டணம் என்ற பேச்சே அதுவரை எழவில்லை. பத்து நிமிடத்தில் பதில் வந்தது: “சார், சிறப்பான ஆய்வு. அந்த அமௌண்ட் போட்டுட்டீங்களா?”