இருட்டில் விழுந்த கோல்

புரோத்ராபூர்க்காரன் என்று மெயின்லேண்டில் யாரிடமாவது சொன்னால், இரண்டாவது கேள்வி ஜெயிலைப் பற்றித்தான் வரும். செல்லுலார் ஜெயில் போர்ட் பிளேர் டவுனில் கடலோரம் இருக்கிறது, டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம். எங்கள் ஊரில் இருப்பது டிக்கெட் இல்லாமலே உள்ளே தள்ளுகிற மாவட்டச் சிறை என்று நான் விளக்க, கேட்டவர் அரை அடி தள்ளி நின்றுகொள்வார். ஆக, இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மகனை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு ஃபுட்பால் பார்க்கப் போவதெல்லாம், கணக்குப்படி, ஒரு ஜெயிலிலிருந்து இன்னொரு ஜெயிலின் காலடிக்குப் போகிற பயணம்தான்.

இதே வழியில் 1986-இல் அப்பா என்னை பஸ்ஸில் கூட்டிப்போனார். அப்பாவுக்கு சாத்தம் மில்லில் வேலை. 1883-இல் வெள்ளைக்காரன் போட்ட மர ஆலை அது. ஆறு நாளும் படாக் மரத்தின் செந்தூள் படிந்து வீடு திரும்புகிற மனிதர், ஏழாம் நாள் வெள்ளைச் சட்டையைப் போட்டால்கூடக் காதோரத்தில் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருக்கும். கராச்சர்மா, பாத்து பஸ்தி, ஜங்லிகாட் என்று பஸ் மேடு ஏறி இறங்கும்போது தமிழ், வங்காளம், தெலுங்கு, இந்தி எல்லாம் ஒரே சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, அப்பா நாலிலும் பேசுவார், நாலிலும் தப்பாகப் பேசுவார். அபர்தீன் பஜாரில் இறங்கி, மணிக்கூண்டைக் கடந்து, காகிதப் பொட்டலத்தில் எனக்குக் கடலையும் தனக்கு வெற்றிலையும் வாங்கிக்கொண்டு அவர் கடற்கரைப் பக்கம் இறங்கும் நடையில், மில்லுக்குப் போகும் நடையின் சுவடே இருக்காது.

1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி கொடியேற்றிய ஜிம்கானா மைதானம். பின்னாளில் அவர் பெயரிலேயே ஸ்டேடியம் ஆனாலும், அப்பாவுக்குக் கடைசிவரை அது ஜிம்கானாதான். எங்கள் தீவுகளில் பெயர் மாறுவது பருவமழை மாதிரி, நின்றுவிட்டது என்று நினைத்துக் குடையை மடக்கினால் மறுபடி தொடங்கும். எதிர்க்கரையில் தெரியும் ராஸ் தீவு 2018-இல் நேதாஜி தீவானது. 2024-இல் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜய புரம் ஆகிவிட்டது. பஸ்காரர் இன்னும் "அபர்தீன், அபர்தீன்" என்றுதான் கத்துகிறார். ஸ்காட்லாந்துக்கே போய்விடுவோமோ என்று என் மகன் சிரிக்கிறான்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருஷம்தான் மரடோனா கையால் கோல் போட்டார். அந்தப் படம் அச்சான ஸ்போர்ட்ஸ்டார் இதழ், சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலேறி, யார் யார் கையிலோ கசங்கி என் கைக்கு வருவதற்குள் உலகக் கோப்பை பழைய கதையாகிவிட்டது. எனக்கு அது சுடச்சுடச் செய்தி. பதினொரு வயதில் நானே மரடோனா. எங்கள் தெரு ஆட்டத்தில் பந்தைக் கையால் தட்டிவிட்டு, கடவுளின் கை என்று வாதாடி, முதுகில் நாலு பேருடைய கையையும் வாங்கிக்கொண்டவன். ஸ்டேடியத்திலோ நான் பந்தைப் பார்த்ததைவிடக் கடலில் போகும் கப்பலைப் பார்த்ததே அதிகம். வெறுங்காலோடு சேற்றில் பறந்த நிக்கோபாரிப் பையன்களை இன்னும் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்த்திருக்கலாம். அவர்கள் ஓடுவதைப் பார்த்தால் பந்துதான் அவர்களைத் துரத்துவது போலிருக்கும் என்பார் அப்பா.

இன்னொரு சங்கதி, எங்கள் சூரியன். நாடு முழுக்க ஒரே கடிகாரம். அது கணக்கு வைத்திருப்பதோ 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு. நாங்கள் அதிலிருந்து பத்து டிகிரி கிழக்கே கிடக்கிறோம். நாற்பது நிமிஷ வித்தியாசம். நவம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். மூன்று மணி ஆட்டம், சிறப்பு விருந்தினர் மாலை போட்டுக்கொண்டு கைகுலுக்கி முடிப்பதற்குள் மூன்றே முக்கால் ஆகும். அதனால் நான் பார்த்த ஆட்டங்களில் பாதிக்குக் கடைசிப் பத்து நிமிஷத்தை யாருமே பார்த்ததில்லை. விசில் கேட்கும், பந்தில் கால் படும் சத்தம் கேட்கும், இருட்டுக்குள்ளிருந்து ஒரு கூச்சல் எழும். அப்படி ஒரு கூச்சலின்போது அப்பா எழுந்து நின்று, "கோல்!" என்றார். "பாத்தீங்களாப்பா?" என்றேன். "பாக்கணுமாடா? காது இல்ல?" இரண்டு நாள் கழித்து ஆட்டம் சமன் என்று பத்திரிகையில் வந்தது. அப்பா அதை மடித்து, மேஜைக்கால் ஆடாமலிருக்க அடியில் கொடுத்துவிட்டார்.

என் மகனுக்குப் பதினாலு வயது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடியில் 2,300 கிலோமீட்டர் கேபிள் வந்த பிறகு வளர்ந்த தலைமுறை. அர்ஜென்டினா ஜெயித்த 2022 இறுதியாட்டத்தின் ஒவ்வொரு பெனால்ட்டியையும் எந்தக் காலால், எந்த மூலைக்கு என்று ஒப்பிப்பான். நள்ளிரவு தாண்டி ஐரோப்பாவோடு விழித்திருந்துவிட்டு, காலையில் புரோத்ராபூரோடு தூங்குகிறான். போன மாதம் ஸ்டேடியத்தில் ஒரு சின்ன ஆட்டம், விளக்குப் போடும் அளவுக்குப் பெரிய ஆட்டம் இல்லை. வந்து உட்கார்ந்ததும், "அப்பா, இது எந்த ஆப்லயும் இல்லியே" என்று, நடக்காத ஆட்டத்துக்குக் கூட்டிவந்துவிட்டேனோ என்பது போலப் பார்த்தான். நான் கடலை வாங்கினேன். பிளாஸ்டிக் கப்பில் தந்தார்கள். பொட்டலத்தைப் பிரித்துப் பழைய செய்தி படிக்கும் சுகமும் போயிற்று. ஆனால் கடலை நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தேகாலுக்கு இருட்டிவிட்டது. கோல் பக்கம் கூச்சல். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மகனோ கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தான். அந்தக் கருவிக்கு இருட்டே கிடையாது. திரையில் எல்லாம் மத்தியானம் போலப் பளிச்சென்றிருந்தது: பந்து கம்பத்தில் பட்டு வெளியே போகிறது. அவன் இரண்டு தடவை ஓட்டிக் காட்டினான்.

முன்வரிசையிலிருந்து வயதான ஒருவர் திரும்பி, "க்யா ஹுவா? கோல்?" என்று கேட்டார். மகன் கைப்பேசியை அவர் பக்கம் நீட்டப் போனான். நான் அவன் கையை மெல்ல அமுக்கிவிட்டு, "கோல், தாதா, கோல்" என்றேன்.