ஏழரை நாட்டுச் சனி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் மாணவர் விடுதியின் பொதுச் சமையலறையில் புளி கொதிக்கிற வாசனை எழுந்தால், ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாடு விழப்போகிறது என்று அர்த்தம். அடுப்படியில் தம்பி நின்று புளிக்காய்ச்சல் கிளறிக்கொண்டிருப்பான். பக்கத்து அடுப்பில் பாஸ்தா வேகவைக்கும் ஜெர்மன் பையன் ஒன்றும் பேசாமல் போய் ஜன்னலைத் திறந்துவைப்பான். எண்ணெயில் காய்ந்த மிளகாய் விழுந்ததும் அவனே வெளியேறிவிடுவான். நெப்போலியன் படை கிளம்பியபோதுகூட அக்கம்பக்கத்தில் இவ்வளவு இருமல் கேட்டிருக்காது.

தம்பி என்றால் ஒரு ஆளில்லை, ஒரு இனம். ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஆஹன் நகரத்துக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்தவர்களில் தெருவுக்கு நாலு பேரைப் பார்க்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரை மாணவன். சனி, ஞாயிறு வாஸ்கோடகாமா. நான் சொல்வது எங்கள் விடுதி மாதிரியைப் பற்றி. ஊர் திருச்சி.

வந்த முதல் வாரக்கடைசியிலேயே மூன்று நாடுகளைப் பிடித்தான். ஆஹனுக்குப் பக்கத்தில் ஃபால்ஸர்பெர்க் என்று ஒரு குன்று. உயரம் 322 மீட்டர். ஐரோப்பாவில் இருக்கிற நெதர்லாந்துக்கு அதைவிட உயரமான இடமில்லை என்பதால் அவர்கள் அதை மலை என்கிறார்கள். நாம் எதற்கு வம்பு. உச்சியில் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி மூன்றும் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். தம்பி இடது காலை நெதர்லாந்திலும் வலது காலை பெல்ஜியத்திலும் வைத்தான். மூன்றாவதுக்குக் கால் போதவில்லை. கபடியில் கோட்டைத் தொடுகிறவன் மாதிரி குப்புறச் சாய்ந்து கையை ஜெர்மனியில் ஊன்றினான். படம் எடுத்தது நான்தான். எடுத்துவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். 1920 வரைக்கும் மோரெஸ்நெட் என்று ஒரு துண்டு நிலம் தனிப் பிரதேசமாக இதே இடத்தில் நாலாவதாக வந்து முட்டிக்கொண்டிருந்தது என்று சொல்லித் தொலைத்தேன்.

“சே, நூறு வருஷம் லேட்டா வந்துட்டேண்ணா” என்றான். இறங்கும் வரை வேறு பேச்சில்லை.

இந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. ஒருநாள் அவன் அம்மாவே வீடியோ காலில் சொன்னார்கள். திருச்சியிலிருந்து விடிவதற்குள் வேன் பிடித்து ஒரே நாளில் நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் முடித்துவிட்டு வந்திருந்தார்கள். சூரியனார்கோயில், கஞ்சனூர், திருவெண்காடு, கீழ்ப்பெரும்பள்ளம் என்று ஒவ்வொன்றிலும் டிரைவர் “பத்து நிமிஷந்தான், சீக்கிரம் வந்துடுங்க” என்று கதவைத் திறந்துவிடுவாராம். திருநள்ளாறில் மட்டும் கூட்டம், அதனால் அரை மணி. வானத்தில் இருக்கிற கிரகங்களையே ராத்திரிச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டு வீடு திரும்புகிற குடும்பம். பூமியில் இருக்கிற நாடுகள் அவர்களுக்கு எம்மாத்திரம்?

தம்பியிடம் ஒரு எக்செல் கணக்கு உண்டு. நாடு, தேதி, நின்ற நேரம், செலவு, ஒரு மணி நேரத்துக்கு ஆன செலவு என்று கட்டம் கட்டி வைத்திருக்கிறான். அதில் அவனுக்கு மிகவும் பிடித்த வரி லக்ஸம்பர்க். செமஸ்டர் டிக்கெட்டிலேயே ரீஜியோ ரயில் மாறி மாறிப் பாதி நாளைத் தொலைத்து, பெர்ல் என்ற ஜெர்மன் எல்லையூரில் இறங்கினான். மோசல் ஆற்றுப் பாலத்தை நடந்து கடந்தால் லக்ஸம்பர்க். அந்த நாட்டில் 2020லிருந்து பஸ், டிராம், ரயில் எல்லாமே இலவசம். கையில் புளியோதரை. செலவுக் கட்டத்தில் ‘0.00’ என்று பச்சை நிறத்தில் போட்டு, தடித்த எழுத்தாக்கியிருக்கிறான். எந்த ஊர் என்று கேட்டேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ கிராமம் என்றான். அது ஷெங்கன். 1985 ஜூன் 14 அன்று அந்தக் கிராமத்தருகே மோசல் ஆற்றில் நின்ற கப்பலில் ஐந்து நாடுகள் கையெழுத்துப் போட்டதால்தான் இவன் இப்படி எல்லை எல்லையாகத் தாண்டித் திரிய முடிகிறது. குலதெய்வம் கோயில் வாசலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுவிட்டு, இது யார் வீட்டுத் திண்ணை என்று கேட்டிருக்கிறான்.

ஆனால் அந்த ஷெங்கனால்தான் அவனுக்கு ஒரு தீராத மனக்குறையும். உள்ளுக்குள் எத்தனை நாடு சுற்றினாலும் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த மாட்டார்கள். “ஆறு நாடுன்னு சொல்ற, புஸ்தகம் வெள்ளையா இருக்கே, நெசமாவே போனியாடா?” என்று அம்மா கேட்டதிலிருந்து ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தப் பொம்மை வாங்க ஆரம்பித்தான். அதிலும் இரண்டு யூரோவுக்கு மேல் போக மாட்டான். யூரோவை நூறால் பெருக்குகிற பழக்கம் இன்னும் விடவில்லை. ஸ்டேஷன் கழிவறைக்கு ஒரு யூரோ என்றால் அவன் காதில் நூறு ரூபாய் என்றுதான் விழும். அப்புறம் எங்கே போவது? ப்ராக் நகரத்தில் அவன் பார்த்ததைவிட அடக்கியதுதான் அதிகம். 1410இல் அங்கே நிறுவிய வானியல் கடிகாரத்தில், மணி அடிக்கும்போது மேலே இரண்டு ஜன்னல் திறந்து ஏசுவின் சீடர்கள் வரிசையாக வந்துபோவார்கள். அந்த ஒரு நிமிடமும் தம்பி கடிகாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபியில் இருந்தான். காலித் தண்ணீர் பாட்டிலை மட்டும் மறக்காமல் ஜெர்மனிக்கே திருப்பிக் கொண்டுவந்து மெஷினில் போட்டு 25 சென்ட் வாங்கிக்கொண்டான்.

பாரிஸ் விஷயத்தில் அவனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. இருபத்தாறு வயதுக்குள் இருந்து ஐரோப்பாவில் தங்கும் அட்டையும் இருந்தால் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குள் இலவசமாகப் போகலாம். போனான். 77 சென்டிமீட்டர் உயர மோனாலிசாவை நூறு கைபேசிகளுக்கு நடுவே பார்த்தான். ஐம்பது நிமிடத்தில் வெளியே வந்து, நேரே லா சப்பலுக்கு ரயிலேறினான். ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த பகுதி. கொத்து ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்டதும் அதற்குமேல் ஒரு அடி நகரவில்லையாம். கடைக்கார ஐயா பேச்சுக் கொடுத்திருக்கிறார்.

“தம்பி எத்தினை நாள் பாரிஸிலை நிக்கிறீங்கள்?”

“இன்னிக்கு நைட்டு பஸ்ஸுங்க ஐயா.”

“அப்ப கொத்து சாப்பிடத்தானோ வந்தனீங்கள்?”

“இல்லீங்க, ஈஃபில் டவரும் பாத்துட்டேன். வரும்போது பஸ்ஸுலருந்து.”

ஐயா சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றியிருக்கிறார். அந்தக் குழம்பைப் பற்றி அவன் என்னிடம் அரை மணி நேரம் பேசினான். மோனாலிசாவைப் பற்றி ஒரு வாக்கியம்: “சின்னதா இருக்குண்ணா.”

ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போனான். இத்தாலி. பெல்ஜியத்தில் இருந்து மலிவு விமானம். பையின் அளவு 40க்கு 30க்கு 20 சென்டிமீட்டர், ஒரு நூல் கூடினாலும் காசு. தம்பி இரண்டு சட்டை, ஒரு ஸ்வெட்டர், அதற்குமேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஊதிப்போய் வந்தான். பாதுகாப்புச் சோதனையில் பையைத் திறந்த அம்மையார் புளிக்காய்ச்சல் டப்பாவை வெளியே எடுத்தார். நூறு மில்லிக்கு மேல் திரவம் கூடாது. இது திரவமே இல்லை என்றான் தம்பி. டப்பாவைச் சாய்த்துக் காட்டினார். அது மெதுவாக, மிகமெதுவாக, எண்ணெய் மினுங்க நகர்ந்தது. தம்பி தலைகுனிந்தான். ஆனால் தோற்கவில்லை. “ஒரு நிமிஷம்” என்று வாங்கிக்கொண்டு வரிசையிலிருந்து ஒதுங்கினான். பெஞ்சில் உட்கார்ந்து, இன்னொரு டப்பாவில் இருந்த வெறும் சோற்றில் மொத்தத்தையும் கவிழ்த்து, ஐந்து விரலாலும் பிசைந்தான். நான் வேறு யாரோ மாதிரி விளம்பரப் பலகை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். பிசைந்து முடித்துத் திரும்பப் போய் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு பருக்கை விழவில்லை. அம்மையார் அதை இரண்டுமுறை பார்த்தார். பிறகு போகச்சொல்லிக் கையாட்டினார்.

டிக்கெட்டில் மிலான் என்றிருந்தது. இறங்கியது பெர்காமோ. சென்னை என்று சொல்லிச் செங்கல்பட்டில் இறக்கிவிட்டது மாதிரி ஐம்பது கிலோமீட்டர். மிலானில் என்ன பார்த்தோம் என்று கேட்காதீர்கள். ஓடினோம்.

திரும்பி வந்தது ராத்திரி பஸ். கியாசோ எல்லையில் சுவிஸ் அதிகாரிகள் ஏறி அட்டைகளைப் பார்த்தார்கள். பிறகு எங்கோ இருட்டில் பஸ் நின்றபோது தம்பி என்னைத் தாண்டிக் குதித்து ஓடினான். டிரைவர் போட்ட அதட்டலில் வலது கால் சுவிட்சர்லாந்து மண்ணிலும் இடது கால் பஸ் படியிலுமாக நின்றுவிட்டுத் திரும்பினான். இது நாட்டுக் கணக்கில் சேருமா என்று விடியும் வரை வழக்கு நடந்தது. ஒரு கால்தானே, அரை நாடு என்று தீர்ப்புச் சொன்னேன். மறுப்பில்லாமல் எக்செல்லில் ஏற்றிக்கொண்டான். ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம், லக்ஸம்பர்க், பிரான்ஸ், செக், இத்தாலி ஆக ஏழு. சுவிட்சர்லாந்து 0.5.

(ஆஹனிலேயே சார்லமேன் சக்கரவர்த்தியை அடக்கம் செய்த பேராலயம் இருக்கிறது. யுனெஸ்கோ 1978இல் வெளியிட்ட முதல் பாரம்பரியப் பட்டியலிலேயே இடம்பிடித்தது. எங்கள் விடுதியிலிருந்து பத்து நிமிட நடை. தம்பி இன்னும் உள்ளே போகவில்லை. “அது எங்கண்ணா ஓடிப்போகுது?”)

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அம்மா கூப்பிட்டார்கள். மொத்தம் எத்தனை என்று கேட்டார்கள். ஏழரை என்றான்.

“ஏழரையா?” அம்மாவின் முகம் திரைக்கு மிக அருகில் வந்தது. “சனிக்கிழமை சனிக்கிழமை ஊர் சுத்திட்டு ஏழரைல கொண்டாந்து நிறுத்தியிருக்கியேடா! முதல்ல அதை எட்டாக்கு.” கொஞ்சம் யோசித்தார்கள். “எட்டு வேண்டாம். அதுவும் சனியோட நம்பர்தான். ஒம்பதா முடிச்சிடு.”

அன்றைக்கு ராத்திரி ஒரு மணி வரை அவன் அறையில் விளக்கெரிந்தது. சுவிட்சர்லாந்தில் சார்கன்ஸ் ஸ்டேஷனில் முழுசாக இரண்டு காலையும் ஊன்றி இறங்குவது. அங்கிருந்து பஸ்ஸில் லீக்டன்ஸ்டைனின் தலைநகரம் வாடூஸ். எட்டும் ஒன்பதும் ஒரே சனிக்கிழமையில். அதோடு, வாடூஸ் சுற்றுலா அலுவலகத்தில் சிறு கட்டணம் கொடுத்தால் பாஸ்போர்ட்டில் நினைவு முத்திரை குத்தித் தருகிறார்கள் என்று கண்டுபிடித்திருந்தான். என் கதவைத் தட்டினான்.

“அண்ணா, ஒரு சந்தேகம். முத்திரைக்குக் குடுக்கற காசை லீக்டன்ஸ்டைன் செலவுல எழுதறதா, அம்மா கணக்குல எழுதறதா?”